வெட்டிப் போட்ட முள்

...எடுத்துப் போட்டதும் மனது எவ்வளவு லேசாகிவிடுகிறது, ஒரு முள் கிளை, அவ்வளவுதான், வேலிகாத்தான் கிளை, கீழ்ப் பாதையின் வாயை அடைத்துக்கொண்டு குறுக்கே கிடந்தது, அதை இழுத்துத் தள்ளுவதற்குள் உள்ளங்கையில் இரண்டு கீறல், ஒன்றில் மட்டும் ரத்தம் பொட்டு வைத்தாற்போல் நின்றது, துப்பட்டா நுனியால் அதை ஒற்றிக்கொண்டே ஷெர்லின் மேட்டுப் பாதையில் ஏறினாள். யார் கொண்டுவந்து போட்டார்களோ, விறகு வெட்டியவர்கள் சுமையிலிருந்து நழுவ விட்டிருப்பார்கள், அடியில் அரிவாள் பட்ட இடம் புதிதாக, துடைத்த காயம் மாதிரி வெள்ளையாக இருந்தது, இரவுப் பனியில்கூட அந்த வெள்ளை மங்கவில்லை. இடப்பக்கம் வாய்க்கால் ஓடியதால் கிளையை வலப்பக்கம் இழுத்து, தான் ஏறவேண்டிய மேட்டுப் பாதையின் வாயிலேயே போட்டுவிட்டுத் தாண்டி வந்திருந்தாள், இந்தச் செங்குத்தில் தன்னைத் தவிர யார் ஏறப்போகிறார்கள்? கீழ்ப் பாதையில்தான் ஆட்கள் போவார்கள், அது சமதரை, குன்றைச் சுற்றிக்கொண்டு போகும், மேலே உள்ள பாறைக்கும் போகலாம், அந்தப் பக்கம் வாடகை ரூம்களுக்கும் இறங்கலாம். ஒரகடத்துக் கம்பெனியின் முதலுதவி அறையில் அவள் நர்ஸ், காலில் முள்ளும் ஆணியும் இரும்புச் சுருளும் ஏறி யாராவது நொண்டிக்கொண்டு வராத வாரம் இல்லை, போன வாரம் ஒரு புது டிரெய்னி, பாவம், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், முள் முனை உள்ளேயே ஒடிந்திருந்தது... அதையெல்லாம் பார்த்துவிட்டு வழியில் கிடக்கும் முள்ளைத் தாண்டிப் போக முடியுமா? அவள் கணவன் ஜெபகுமார் கேலி செய்வான், ஊர் முள்ளையெல்லாம் பொறுக்கறதுக்கு உன்னை ஆண்டவர் அப்பாயின்ட் பண்ணிகீறாரா என்பான், அவன் நைட் ஷிப்ட் முடிந்து வந்து இன்னும் சற்று நேரத்தில் கவிழ்ந்து தூங்குவான், சர்ச்சுக்கு எழுப்பினால் எழுந்திருக்க மாட்டான், சொல்லட்டும், யாருக்கும் தெரியாமல் செய்கிற சின்ன நன்மைதான் கணக்கில் ஏறும் என்று அவள் உறுதியாக நம்பியிருந்தாள்.

இன்றைக்கு அது சண்முகப்ரியாவுக்காக. கம்பெனி லைனில் நாள் முழுக்க நின்று நின்று முட்டி போனவள், தை மாதம் புருஷன் தவறிப்போனதிலிருந்து கம்பெனி பஸ், தண்டலத்து வீடு, மறுபடி கம்பெனி பஸ், இதைத் தவிர வேறு திசையே இல்லாமல் இருப்பவள். முட்டிக்கு மருந்து அடித்துவிடும்போதெல்லாம் ஷெர்லின் கேட்பாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னோட குன்றுக்கு வா ப்ரியா, காத்து வாங்கினா தூக்கம் வரும். அவள் சிரிப்பாள். "ஊர்ல நடந்தது பத்தாதா சிஸ்டர்? ஆட்டுக்குத் தழை ஒடிக்க நடந்தோம், இஸ்கூலுக்கு நடந்தோம், இப்ப நடக்கறதுக்குன்னே தனியா நடக்கணுமா?" நேற்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, எதையோ கீழே வைப்பவள் மாதிரி, சரி வரேன் என்றாள். எங்கே மனம் மாறிவிடுவாளோ என்று ஷெர்லின் படிக்கட்டிலேயே நின்று வழி சொன்னாள், நுணா மரத்தண்ட பாதை ரெண்டாப் பிரியும், நீ இடதுகைப் பக்கம் கீழ்ப் பாதையிலயே வா, சமமா இருக்கும், முட்டி வலிக்காது, நான் முன்னாடியே மேட்டு வழியா ஏறிப் பாறையில டீயோட உட்கார்ந்திருப்பேன், முள்ளு கிள்ளு கிடந்தா நானே எடுத்துப் போட்டுடறேன். "முள்ளு எடுக்க நீங்க என்ன பஞ்சாயத்துல வேலை பாக்கறீங்களா சிஸ்டர்?" பின்னால் நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள். இன்னொன்றும் சொன்னாள், போனை வீட்டிலேயே வச்சிட்டு வா, உன் சூப்பர்வைசர் ஞாயித்துக்கிழமைன்னு பார்க்காம ஓ.டி.க்குக் கூப்பிடுவார், ஒரு மணி நேரம் யாரும் உன்னைக் கூப்பிடாம இரு. சேர்ந்தே நடந்திருக்கலாம்தான், ஆனால் பக்கத்தில் ஆள் இருந்தால் ப்ரியா மெதுவாக நடக்க வெட்கப்படுவாள், வலியை விழுங்கிக்கொண்டு வேகமாக நடப்பாள், தனியாக வந்தால் நின்று நின்று வருவாள், அழத் தோன்றினால் அழுதுகொண்டும் வருவாள்... அதையெல்லாம் ராத்திரி படுக்கையில் யோசித்து யோசித்து வைத்திருந்தாள்.

பனிமூட்டம் இன்றைக்கு இறங்கவே இல்லை. மழை விட்ட மறுநாள் இப்படித்தான், கம்பெனிப் புகையும் சேர்ந்துகொண்டு வெண்மை அல்லாத ஒரு வெண்மையாக, கையை நீட்டினால் விரல் மங்கிவிடும். ஹைவேயில் லாரிகள் போகும் சத்தம் மட்டும் இருக்கிறது, லாரி இல்லை, ஹைவே இல்லை, கீழே அவள் குடியிருக்கும் மண்ணூர் இருந்த இடத்தில் ஒரு கோழி கூவியது, அவ்வளவுதான் மண்ணூர். இந்தக் குன்றில் பாதைக்கா பஞ்சம், ஆடு போட்ட பாதை, தழைக்குப் போனவர்கள் போட்ட பாதை, கல் வெட்டிய காலத்தில் லாரி போட்ட பாதை, இப்போது சென்னையிலிருந்து காரில் வருகிற பிள்ளைகள் ட்ரெக்கிங் என்று பாறைக்குப் பாறை சுண்ணாம்பில் அம்புக்குறி போட்டுவிட்டுப் போயிருந்தார்கள், மழை எல்லாவற்றையும் கரைத்துவிட்டது, ஒரு பாறையில் மட்டும் அம்பின் வால் இருந்தது, எந்தப் பக்கம் காட்டியது என்று தெரியவில்லை. கால் வழுக்கியது, விராலிச் செடியைப் பிடித்துக்கொண்டாள், உள்ளங்கை எரிந்தது... கீழே யாரோ போகிறார்கள். போனில் பாட்டு, ஸ்பீக்கரில் அலற விட்டபடி, இந்தியோ ஒடியாவோ, அவளுக்குப் புரியாத மொழி, நுணா மரத்துப் பக்கமிருந்து கீழ்ப் பாதைக்குள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. நைட் ஷிப்ட் விட்டு ரூமுக்குக் குறுக்கே போகிற பையன், பாவம், எந்த ஊரோ, தூக்கக் கலக்கத்தில் நடப்பான், நல்லவேளை முள்ளை எடுத்துப் போட்டேன், மிதித்திருந்தால் நாளைக்கு என்னிடம்தான் வந்து நிற்பான். அப்படி வருகிற பையன்களிடம் அவளுக்குத் தெரிந்த இந்தி நாலு சொல், பையா, பைட்டோ, தர்த், பஸ், அதாவது அண்ணன், உட்கார், வலி, போதும், அதற்குமேல் கையால் பேசிக்கொள்வார்கள், அவர்கள் போன பிறகு தரையெல்லாம் சேஃப்டி ஷூ தடம், கட்டம் கட்டமாக, எல்லாம் ஒரே அச்சு, துடைத்து மாளாது. ஆள்காட்டிக் குருவி கத்தியது, ஆளைக் கண்டால்தான் அது அப்படிக் கத்தும், கத்திக்கொண்டே, கல் வெட்டியெடுத்த பழைய கல்லுப் பள்ளத்துப் பக்கம் பறந்தது. அப்புறம் பாட்டு நின்றது. ஒரு வரியின் நடுவிலேயே நின்றது. சார்ஜ் தீர்ந்திருக்கும். அப்பாடா, ஸ்தோத்திரம், என்று வாய்விட்டே சொன்னாள், காலை நேரத்தில் இந்த அமைதிக்குத்தானே இவ்வளவு தூரம் ஏறி வருவது என்று நினைத்துக்கொண்டு மேலே நடந்தாள், ஆள்காட்டி இன்னும் கொஞ்ச நேரம் கத்திக்கொண்டிருந்தது.

பாறைக்கு வந்து பிளாஸ்க்கை இறக்கி வைத்தபோது பனிக்குள் இருமல் கேட்டது, தூக்கிவாரிப் போட்டது. ஆடுகள், அப்புறம் பாலிதீன் கோணியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒரு ஆள், முனிரத்தினம், ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவர், ஜெபகுமாருக்குத் தெரிந்தவர். "இன்னாம்மா, ஜெபகுமார் வூட்டுப் பொண்ணா? இம்மாங்காலைல ஒண்டியா வந்துகீற." வாக்கிங்ணே என்றாள். "நல்லாக்கீது போ. நாங்க வவுத்துக்கு நடக்கறோம், நீங்க வவுத்தக் கொறைக்க நடக்கறீங்க." அவளும் சிரித்தாள், பிளாஸ்க் மூடியில் டீ ஊற்றி அவரிடம் நீட்டினாள், ப்ரியாவுக்கு மிச்சம் இருக்கும், இது ஒரு நல்ல நாள்தான் என்று தோன்றிய அந்த நொடியில் அவர் டீயை ஊதிக்கொண்டே கேட்டார், "எந்த வழியா வந்த, மேட்டு வழியா? அதான் சரி. கீழ்ப் பாதையில பூடாத. மழையில கல்லுப் பள்ளத்துக் கரை வாயப் பொளந்துகினு கீது. மேல பார்த்தா புல்லு, அடியில ஒண்ணும் இல்ல. என் ஆடு ஒண்ணு நேத்து உள்ள பூடுச்சி. அதான் பொழுது சாயறப்போ முள்ள வெட்டிப் போட்டுட்டு வந்தேன்." முள்ளு, என்றாள். "ஆமா. முள்ளு போட்டா எவன் போவான்? நாயிகூட தாண்டாது." பனி காதுக்குள் இறங்குவது போலிருந்தது, சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு எண்ணம், அது தன்னுடைய எண்ணம்தானா, அதற்குள் வாய் சொல்லிவிட்டது, "அண்ணே, அதை நான் எடுத்துப் போட்டுட்டேன்." அவர் டீயைக் கீழே வைத்தார். "எடுத்துட்டியா? இன்னாத்துக்கு?" "கால்ல குத்துமேன்னு..." அவர் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். "குத்தறதுக்குத்தானம்மா போட்டது" என்றார் மெதுவாக. பிறகு சத்தமாக, "கீழ ஆரு வராங்க? ஓடு, ஓடு, நான் ஆட்டைக் கட்டிட்டுப் பின்னாலயே வரேன்!"

ஓடினாள். ஓட்டமா அது, சறுக்கல், உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கல், சரளைக் கல் முன்னால் உருண்டு போயிற்று, ஆண்டவரே, ப்ரியா, ஆண்டவரே, ப்ரியாவைக் காப்பாற்றும்... போன், போனை எடுத்து நம்பரை அழுத்திவிட்டாள், அடிக்கிறது, அடித்துக்கொண்டே இருக்கிறது, தண்டலத்தில் ஒரு பூட்டிய வீட்டுக்குள் அடித்துக்கொண்டிருக்கும், நான்தானே சொன்னேன், ஒரு மணி நேரம் யாரும் உன்னைக் கூப்பிடாம இரு. கீழ்ப் பாதையிலேயே வா என்று சொன்னது யார்? நான். தனியாக வா என்று? நான். எல்லாம் அவள் நல்லதுக்கு, ஒவ்வொன்றும் அவள் நல்லதுக்கு, ஒன்றுகூடக் கெட்ட எண்ணத்தில் இல்லை, ஆனால் சேர்த்துப் பார்த்தால் ஒரு கொலைகாரன்கூட இவ்வளவு யோசித்து வைத்திருக்க மாட்டானே. அந்த வெள்ளை வெட்டு, அதைப் பார்த்தேனே, கண்ணால் பார்த்தேனே, அரிவாளால் ஒருவர் மெனக்கெட்டு எழுதி வைத்ததைப் படிக்கத் தெரியாமல் சுத்தம் செய்திருக்கிறேன். பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவளுக்கு வழி அடைத்திருக்கிறது என்றால் கேட் இருக்க வேண்டும், சிவப்பு விளக்கு எரிய வேண்டும், மணி அடிக்க வேண்டும், இந்த ஊருக்கு வாழ வந்து இத்தனை வருடம், முள் ஒரு வார்த்தை என்று யாரும் சொல்லவில்லை, ஏன் சொல்ல வேண்டும், இங்கே நாய்க்கும் தெரிந்ததை யார் சொல்லிக்கொடுப்பார்கள்? ப்ரியாவுக்குத் தெரியும். காஞ்சிபுரத்துப் பக்கம் கிராமத்தில் வளர்ந்தவள், தழை ஒடித்தவள், அவளுக்கு நிச்சயம் தெரியும்... தெரிந்தால் என்ன, அவள் வந்து பார்க்கும்போது முள் எங்கே கிடக்கும்? மேட்டுப் பாதையின் வாயில். நல்ல வழியை அடைத்துவிட்டு, கெட்ட வழியைத் திறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன், தெரியாதவளுக்கும் பள்ளம், தெரிந்தவளுக்கும் பள்ளம். முழங்கால் பாறையில் மோதியது, வலிக்கவில்லை. ப்ரியா என்று கத்தினாள். குரல் பனியில் பஞ்சு மாதிரி ஒட்டிக்கொண்டு அங்கேயே நின்றது. கரையோரம் புல் இருக்கும், முட்டி வலி வந்தால் ப்ரியா உட்கார இடம் தேடுவாள், புல்லைப் பார்த்து உட்காருவாள்... ஆண்டவரே, ஒரே ஒரு தடவை, ப்ரியாவை மட்டும், ப்ரியாவை மட்டும்...

நுணா மரம் கறுப்பாகத் தெரிந்தது. மேட்டுப் பாதையின் வாயில் முள் இல்லை. தான் போட்ட இடத்தில் இல்லை. கீழ்ப் பாதையின் குறுக்கே, முதலில் கிடந்த அதே இடத்தில், இன்னும் ஒரு ஒடிந்த கிளையும் சேர்ந்து கிடந்தது, அதற்கு முன்னால் ஒரு கல்லின் மேல் முட்டியைத் தேய்த்துக்கொண்டு சண்முகப்ரியா உட்கார்ந்திருந்தாள், மடியில் ஒரு கவட்டைக் கோல். "என்ன சிஸ்டர் இப்படி வரீங்க, புலி துரத்துதா?" என்று எழுந்தவளை ஷெர்லின் கட்டிக்கொண்டாள், ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், வேறு சொல் வரவில்லை. ப்ரியா அவள் கையை விரித்துப் பார்த்தாள். "நீங்கதானே? நேத்து பஸ்ல சொன்னது ஞாபகம் வந்துச்சு. கையாலயா இழுத்தீங்க? யாராவது முள்ளக் கையால இழுப்பாங்களா, கவட்டைல தள்ளணும்." எப்படித் தெரிஞ்சுது, நான் மாத்திப் போட்டிருந்தேனே. "தடம் இருக்கில்ல சிஸ்டர். ஈர மண்ணுல இங்கேர்ந்து அங்க முள்ளு கீறிக்கினு போயிருக்கு. அருவா வெட்டு வேற. வெட்டிப் போட்ட முள்ள யாரும் சும்மா போட மாட்டாங்க, எதுக்கோ போட்டிருக்காங்கன்னு தள்ளி வச்சேன். வேற யாராவது வந்தா சொல்லணுமேன்னு இங்கயே உக்காந்துட்டேன்." எந்தப் பள்ளம் என்று தெரியாமலே, காரணம் கேட்காமலே, நோகிற முட்டியோடு ஈரக் கல்லில் காவல் உட்கார்ந்திருக்கிறாள், நான் கும்பிடுகிறவர் இவளுக்குள் இருந்துகொண்டுதான் என்னைப் பார்க்கிறாரோ... ஷெர்லினுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, டீ குடிக்கலாம் வா, பாறையில இருக்கு, என்று அவள் தோளைப் பிடித்தாள். ப்ரியா அசையவில்லை. "அழுவாதீங்க. இன்னொண்ணு இருக்கு சிஸ்டர். நான் வர்றப்பவே இருந்துச்சு." கவட்டைக் கோலை முள்ளுக்கு அந்தப் பக்கம் நீட்டிக் காட்டினாள்.

கட்டம் கட்டமாக. சேஃப்டி ஷூ. சேற்றில் ஆழமாக ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது, நேராக உள்ளே போயிருந்தன. யாருடையது என்று கேட்கக்கூட வழியில்லை, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் எல்லோர் காலிலும் அதே அச்சுதான், ஜெபகுமார் காலிலும் அதுதான்... அவன் இந்த வழியாக வருவதில்லை, பஸ் அவனை வாசலிலேயே இறக்கிவிடும், இல்லை, அவன் இல்லை, என்று மனது ஒரு நொடியில் அவனைக் கணக்கிலிருந்து எடுத்து வைத்துவிட்டு நிம்மதியடைந்ததை அவளே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்த தடம் இருக்கிறதா என்று கேட்டாள். "பார்த்தேன். சரியாத் தெரியல. அங்கங்க தண்ணி நிக்குது." பள்ளத்தை ஒட்டாமல் குன்றுப் பக்கமாகவே நடந்திருக்கலாம், இந்நேரம் ரூமில் போர்த்திக்கொண்டு படுத்திருக்கலாம், எத்தனையோ பேர் எத்தனையோ நாள் போகிற வழிதானே. மேலே இருமல் சத்தம், முனிரத்தினம் இறங்கிக்கொண்டிருந்தார், அவர் சொன்ன பள்ளத்தைப் பற்றி ஷெர்லின் ப்ரியாவிடம் மூச்சுவாங்கச் சொன்னாள். "அண்ணன் கயிறு எடுத்துனு வரார்னா உள்ள போலாம் சிஸ்டர், அதுக்கு முன்னாடி வேணாம்" என்று ப்ரியா துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டாள், ஷெர்லின் அந்தப் பிடி அனுமதிக்கும் தூரத்துக்கு முள்ளைத் தாண்டி ஒரு அடி வைத்தாள். கூப்பிட வேண்டும். என்ன பெயர் சொல்லி? இறங்கி வந்த வழியெல்லாம் அவள் ஜெபத்தில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது, மட்டும், மட்டும் என்று சொல்லிச் சொல்லிக் கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது. பையா, என்று கூப்பிட்டாள். அந்த மொழியில் அண்ணன், இந்த மொழியில் சின்னப் பிள்ளை. பையா... பைட்டோ, அங்கேயே உட்கார், நகராதே, பையா... பனி ஒரு பதிலும் தரவில்லை, ஆள்காட்டிக் குருவியும் கத்தவில்லை, அங்கே ஆள் இருந்தால் கத்துமே. பாட்டாவது கேட்கிறதா என்று மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள், எந்த வரியில் நின்றது, புரியாத மொழிதான், இருந்தாலும் முடியாமல் நின்றது என்பது புரிந்ததே, ஏறிக்கொண்டிருந்தேனே, விராலிச் செடியைப் பிடித்தபடி, பாட்டு நின்றதும் நான் என்னவோ சொன்னேனே, வாய்விட்டுத்தானே சொன்னேன்... அந்தச் சொல் அவளுக்கு இப்போது நினைவுக்கு வந்தது, ஸ்தோத்திரம்.